கேட்டு வாங்க வேண்டிய பெயர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தொடங்கி, இன்று சொந்தமாக லாரிகள் ஓட்டுகிறேன். முத்தையாபுரத்தில் என் வீட்டை விசாரித்தால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும். இதையெல்லாம் விட நான் பெருமையடித்துக்கொண்டது என் பெயரை வைத்துத்தான். இந்தக் கடற்கரையில் வேறு யாருக்கும் இல்லாத பெயர் அது. எங்கள் வீட்டில் தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வருவது. போர்த்துகீசியக் கப்பல் கப்பித்தான் ஒருவர் எங்கள் முன்னோருக்கு ஞானத்தகப்பனாக நின்று, தன் பெயரையே வைத்தார் என்று கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லியிருக்கிறேன். யாரோ சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. அப்பாவிடம் கேட்கலாம் என்றால், எனக்கு விவரம் தெரியும் முன்பே அவர் போய்விட்டார்.

போன வருடம் பேரன் பிறந்தான். மருமகள் பிரசவத்துக்கு மணப்பாட்டில் தாய்வீட்டில் இருந்தாள். ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்கப் போன நான், சம்பந்தி வீட்டார் எல்லாரும் இருக்கையில் கப்பித்தான் கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்லி, “அந்தப் பேருதான் என் பேரனுக்கும்” என்றேன்.

பிள்ளையைப் பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுக் கிழவி சிரித்துவிட்டார்.

“ஏலே, எந்தக் கப்பித்தான்? அது எங்க வீட்டுப் பேருல்லா!”

“விவரம் தெரியாமப் பேசாதிய ஆச்சி.”

“எனக்கா தெரியாது? முத்துக்குளிக்க முங்குறவனுக்கு மச்சான்தான் கயிறு பிடிக்கணும். அக்கா தாலிய நெனச்சாவது கயித்த விடமாட்டாம்லா? எங்க பூட்டனுக்குக் கயிறு பிடிச்சவன் உங்க பூட்டன். குடிச்சுட்டுத் தோணியில கண்ணசந்துட்டான். கீழ இருந்து எங்க பூட்டன் கயித்த இழுத்து இழுத்துப் பாத்தது அவனுக்குத் தெரியல. செத்தவன் பேரைத் தன் மவனுக்கு வைக்க எங்க வாசல்ல வந்து நின்னான். எப்ப அந்தப் பேர வச்சாலும் எங்க வாசல்ல புதுக் கயிறு கொண்டாந்து வச்சுக் கேக்கணும்னு பேச்சு. உனக்கு வைக்கயில உங்கப்பன் வந்து கேட்டான். பாவாடை கட்டுன பிள்ளையா நான் பாத்துக்கிட்டு நின்னேன். நீ கப்பித்தானக் கூட்டிட்டு வாரியே!”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மருமகள்தான் மெதுவாகச் சொன்னாள்: “வேற பேரு வச்சுக்கிடலாம் மாமா.”

மூச்சுக்குத் தவித்துச் செத்தவனின் பெயரை மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். வேறு பெயர் வைத்தால் அவனை இன்னொரு தடவை கடலில் விட்ட மாதிரி ஆகும் என்று தோன்றியது.

மறுநாள் காலை புதுக் கயிறு ஒரு சுருள் வாங்கிப் போய்க் கிழவியின் வாசலில் வைத்தேன். லாரிக்காரர்களை அதட்டுகிற நான் முணுமுணுப்பாகத்தான் கேட்டேன்.

“பேரைத் தாங்க ஆச்சி.”

“சத்தமாக் கேளு. உங்கப்பன் சத்தமாத்தான் கேட்டான்.”

தெருவே பார்க்க மறுபடியும் கேட்டேன்.

“வச்சுக்கோ. ஆனா விருந்துல உண்மைய நீயே சொல்லணும்” என்றார்.

ஞானஸ்நான விருந்தில் மைக்கைப் பிடித்ததும், துறைமுகத்து ஆட்கள் வழக்கமான கதைதான் வரப்போகிறது என்று கைதட்டினார்கள். “அது கப்பித்தான் பேரு இல்ல” என்று தொடங்கினேன். பிரியாணி அள்ளிய கைகள் அப்படியே நின்றன. தரையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

அன்று காலை கோயிலில் பாதிரியார் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேரனுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தார். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்குத்தான் இன்னும் வாய் வரவில்லை. ‘ராசா’ என்றே கூப்பிடுகிறேன்.