காவேரித் திட்டில் பசியாறிய பிள்ளை

யுத்தம் ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம், ஆவணி மாதம். பெங்களூர் அல்சூரில் அம்மா வீட்டில் தலைப்பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு கணவருடன் கொள்ளேகாலுக்குப் புறப்பட்டேன். அவருக்கு அங்கே வாத்தியார் வேலை. வழியில் தலக்காட்டுக் கோயிலில் ஒரு வேண்டுதலை முடித்துவிட்டு, பரிசலில் காவேரியைக் கடந்து அக்கரையில் பஸ் பிடிப்பதாக ஏற்பாடு.

நடு ஆற்றுக்குப் போனபோது தண்ணீர் திடீரென்று செக்கச்செவேலென்று மாறியது. மேலே எங்கேயோ பெய்த மழை! பரிசல் கிறுகிறுவென்று சுற்ற ஆரம்பித்தது. குழந்தையை முந்தானையால் உடம்போடு கட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன். பரிசல்காரர் படாத பாடுபட்டு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அக்கரையில் இல்லை, ஆற்றின் நடுவே இருந்த ஒரு மேட்டுத் திட்டில். வெள்ளம் வடிகிறவரை நகர முடியாது என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அப்படியே மணலில் படுத்துவிட்டார், பாவம்.

திட்டில் ஒரே ஒரு குடிசை. மீன் பிடிக்கிற புருஷன், பெண்சாதி, அவள் இடுப்பில் ஒரு பெண் குழந்தை. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேழ்வரகுக் களி கொடுத்தார்கள். நனைந்ததாலோ பயந்ததாலோ எனக்குக் காய்ச்சல் கண்டு, மறுநாள் காலையில் பால் சுத்தமாக வற்றிவிட்டது. அங்கே ஆடு மாடு கிடையாது. வெல்லத் தண்ணீரைத் துணியில் நனைத்து வைத்தால் பிள்ளை துப்பினான். மத்தியானத்துக்குள் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டுவிட்டான். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, என் பிள்ளைக்கு ஒரு வாய் பால் இல்லை.

அந்தப் பெண் தன் குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"புள்ளையைக் கொடும்மா. எம் பாலு ரெண்டு புள்ளைக்கும் காணும்."

அந்த நாளில் யார் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்பதற்கே எங்கள் வீடுகளில் ஆயிரம் சட்டம் இருந்தது. பயத்தோடு கணவரைப் பார்த்தேன். "என் முகத்தை என்ன பாக்கறே? குடு சீக்கிரம்" என்றார்.

முதலில் பிள்ளைக்கு வாய் வைக்கவே தெரியவில்லை. அவள் கன்னத்தைத் தடவித் தடவிப் பழக்கினாள். அப்புறம் அவன் மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டதே, எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

அவள் பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம். எந்த ஊர் என்று கேட்டேன். "எங்க பாட்டன் பூட்டனெல்லாம் பவானிப் பக்கமாம். மீன் பின்னாலேயே ஆத்தோட மேலே வந்துட்டாங்க. இப்போ யாராவது கேட்டா ஆத்துக்காரங்கன்னு சொல்லிடுவோம்" என்று சிரித்தாள்.

வெள்ளம் வடிகிறவரை என் பிள்ளை அவள் மடியில்தான் வளர்ந்தான். கிளம்பும்போது அவள் காலில் விழப் போனேன். "ஐயய்யோ, என்னம்மா இது!" என்று துள்ளி விலகி, பிள்ளையின் உச்சியை முகர்ந்து என்னிடம் கொடுத்தாள்.

அடுத்த கோடையில் அவளுக்கு ஒரு புடவையும் குழந்தைக்குச் சட்டையும் எடுத்துக்கொண்டு போனோம். திட்டில் குடிசை இல்லை. மீன் தேடி இன்னும் மேலே போய்விட்டார்கள் என்று கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். எவ்வளவு விசாரித்தும் தகவல் கிடைக்கவில்லை.

இப்போது நாங்கள் பெங்களூருக்கே வந்துவிட்டோம். பையன் பள்ளிக்கூடம் போகிறான். ஆடிப் பதினெட்டன்று எங்கள் தெருப் பெண்களெல்லாம் அல்சூர் ஏரிக்கரையில் விளக்கேற்றி, காவேரித் தாயே என்று கும்பிடுகிறார்கள். அப்படிச் சொல்லும்போது எனக்கு மட்டும் ஆறு நினைவுக்கு வருவதில்லை, என் பிள்ளைக்குப் பால் கொடுத்த அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது.