ஸ்பீக்கர் பெட்டியில் குடிவந்த தேனீ

எங்கள் வீட்டில் தேனீ வளர்ப்பு ஒரு ஸ்பீக்கர் பெட்டியில்தான் தொடங்கியது. இதைச் சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. நானும் கூச்சக்காரன், இரண்டாம் முறை சொல்ல மாட்டேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

தென்காசிப் பக்கம் வடகரையில் எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அரபு நாட்டில் இருந்த காலம். வாப்பா சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். ஒருமுறை வந்தபோது இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்த டேப் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த மாதிரி செட் தெருவில் வேறு யாரிடமும் இல்லை என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அவர் திரும்பிப் போன கொஞ்ச நாளில் ஒரு ஸ்பீக்கர் கரகரக்க ஆரம்பித்தது. உம்மாவின் தம்பியான மாமா உள்ளேயிருந்த வட்டத்தை மட்டும் கழற்றி, ரிப்பேர் செய்து வருவதாகத் தென்காசிக்குக் கொண்டுபோனார். அது திரும்பி வரவே இல்லை. வெறும் மரப்பெட்டி மாடி அறையில், ஜன்னலுக்குக் கீழே கிடந்தது. முன்னால் போர்த்தியிருந்த கறுப்புத் துணியில் ஒரு மூலையை எலி கடித்து வைத்திருந்தது.

மாமரமெல்லாம் பூத்திருந்த சமயம், ஒரு காலையில் மாடியில் நெல் அவிக்கிற அண்டா கொதிப்பது போலச் சத்தம் கேட்டது. நான் ஏறிப் பார்த்தேன். அறை முழுக்கத் தேனீ. ஒவ்வொன்றாக அந்தக் கிழிசல் வழியாகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டில் இருந்த மாமி, அதாவது வாப்பாவின் தங்கை, முதல் ஆளாக ஓடிவந்தார்.

"மதினி, நிக்காதிய. மண்ணெண்ணெய ஊத்தி ஒரு தீக்குச்சியக் கிழிச்சுப் போடுங்க. பிள்ள இருக்குத வீடு!"

உம்மா பதறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே சொன்னார். "போட்டுருவேன் மதினி. செட்டு எங்கன்னு ஒங்க அண்ணன் வந்து கேட்டா நீங்க பதில் சொல்லுவியளா?"

மாமி முணுமுணுத்தபடி படியிறங்கிப் போனார். செட்டைக் காப்பாற்றுகிற சாக்கில் உம்மா தேனீயைக் காப்பாற்றினார் என்பது மாமிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அதன்பிறகு மதியத் தொழுகை முடிந்ததும் உம்மா மாடியில்தான் இருப்பார். எங்கள் வீட்டில் துணி, போர்வை, டார்ச் லைட், சோப்பு எல்லாம் கடல் தாண்டி வந்தவை. உம்மாவுக்கென்று தானாக வந்த முதல் பொருள் அந்தத் தேனீதான் என்று நினைக்கிறேன். செட்டில் ரேடியோ மட்டும் நன்றாக வேலை செய்தது. அதில் விவசாயிகளுக்கான நிகழ்ச்சியை உம்மா சமைத்துக்கொண்டே கேட்பார். ஒருநாள் தேனீயைப் பெட்டிக்கு மாற்றுவது பற்றி யாரோ பேசினார்கள். குழம்பு அடிபிடித்துவிட்டது. அன்றிரவு எங்களுக்கு ரசம்தான்.

மாமா பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி டெம்போ ஓட்டுகிறவர். பண்பொழியில் மலையடிவாரத் தோப்பு ஒன்றில் சும்மா கிடந்த தேனீப் பெட்டியைக் கேட்டு வாங்கி, கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். உம்மா அதைக் கழுவிக் காயவைத்தார். கால் உயர்ந்த பழைய முக்காலி ஒன்றை மொட்டைமாடியில் போட்டு, எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைக்குள் நிறுத்தினார். பிறகு வாப்பா விட்டுப்போன வெள்ளை அரபு அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு, தலையில் கொசுவலையைச் சுற்றினார்.

மாமி தன் வீட்டு மாடியில் நின்று சிரித்தார். "மதினி, ஹஜ்ஜுக்கா கெளம்புதிய?"

"ஆமா, ஒங்களையும் எழுதி வச்சிருக்கு. வாரியளா?" என்றார் உம்மா.

தேங்காய் நாரைப் பற்றவைத்துப் புகை காட்டுவது என் வேலை. உம்மா ஸ்பீக்கர் பெட்டியின் பின்பலகையைத் திருகாணி கழற்றி எடுத்தார். உள்ளே இட்லித் துணி காயப்போட்டது போல வரிசையாகத் தேனடைகள் தொங்கின. ஒவ்வொன்றையும் கத்தியால் அறுத்து, புதுப் பெட்டியின் மரச்சட்டத்தில் பொருத்தி, வாழை நாரால் கட்டினார். நடுவில் ஒரு இடத்தில் கை நின்றது. மற்றவற்றைவிட நீளமாக, கொஞ்சம் கறுப்பாக ஒன்று அடைமேல் நடந்து போனது. உம்மா அதை மெதுவாக ஒரு தீப்பெட்டிக்குள் தள்ளி மூடி என் கையில் கொடுத்தார்.

"ராணிலே. இது எங்கன போவுதோ அங்கன எல்லாம் வரும். இறுக்கிப் பிடிச்சிராத."

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கேட்டாலே வாய் திறக்காதவன் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுபோனது. ஆனால் அன்று தீப்பெட்டிக்குள் ராணியின் கால்கள் பிறாண்டுவது என் உள்ளங்கையில் தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு யாரும் எந்தப் பட்டமும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ராணியைப் புதுப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவை தரையில் இருந்தும் என் சட்டையில் இருந்தும் எழுந்து பின்னாலேயே போயின. சில நாளில் முக்காலிக்குக் கீழே வாழை நார் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிட்டு, இனி கட்டு வேண்டாம் என்று தேனீக்களே கடித்து வெளியே போட்டிருந்தன. உம்மா அந்த நார்த் துண்டுகளைப் பொறுக்கி, பொன்னைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

இதில் எதையும் உம்மா வாப்பாவுக்குத் தெரிவிக்கவில்லை.

கோடையில் வாப்பா லீவில் வந்தார். திருவனந்தபுரத்தில் இருந்து வாடகைக் கார் தெருமுனையில் திரும்பும்போதே வாசம் வந்துவிடும். அரபு நாட்டுக்காரர் என்றால் அத்தர் இல்லாமல் முடியாது. குளித்துவிட்டு மறுபடி கழுத்து, கை, சட்டை எல்லாம் பூசிக்கொண்டு கூடத்துக்கு வந்தவர், செட்டைப் பார்த்ததும் நின்றார்.

"இன்னொரு ஸ்பீக்கர எங்க?"

உம்மா பதில் யோசிப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதுலதான் வாப்பா தேனீ இருந்துச்சு. இப்போ மாடியில தனி வீடு!"

வாப்பா மாடி ஏறினார். "நில்லுங்க, அந்த வாசத்தோட கிட்டப் போவாதிங்க" என்று உம்மா கத்தியது அவர் காதில் ஏறவில்லை. தேனீக்கு அந்த வாசம் ஆகாது. பெட்டிமேல் கைவைத்துக் குனிந்தாரோ இல்லையோ, படியில் அவர் இறங்கிய வேகத்தில் ஒரு செருப்பு மாடியிலேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் அவரைப் பார்க்க உறவுக்காரர்கள் வந்தபோது வாப்பாவின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு பணியாரம் போல இருந்தது.

"அந்த வெயில்ல லாரி ஓட்டியும் ஒண்ணும் ஆவாத மொகம், வந்த அன்னைக்கே இப்படி ஆயிட்டே!" என்று மாமி அழுதார். அழுகைக்கு நடுவில் உம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

வந்தவர்கள் போனதும் வாப்பா உம்மாவிடம் சொன்னார். "நான் திரும்பிப் போறதுக்குள்ள அந்தப் பெட்டி இந்த வீட்டுல இருக்கப்படாது."

"சரிங்க" என்றார் உம்மா. கொஞ்சம் கழித்து, "அதுவரைக்கும் அத்தர் பூசாதிங்க" என்றார்.

"வீடு எனக்கா ஈக்கா?"

உம்மா சுண்ணாம்பு குழைத்து வந்து அவர் உதட்டில் தடவினார்.

லீவில் வந்தால் வாப்பா வீட்டில் இருக்க மாட்டார். கல்யாண வீடு, பெருநாள் விருந்து, குற்றாலம் என்று நாள் ஓடிவிடும். அந்த முறை வீங்கிய முகத்தோடு வெளியே போக வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தார். கூடத்தில் இருந்தால் பார்க்க வருகிறவர்கள் விடமாட்டார்கள். ஆகவே மாடிக்கு வந்து, பெட்டிக்கு எட்டத்தில், சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அவருக்கும் பேசிப் பழக்கமில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் தேனீயைப் பார்த்தோம்.

"கால்ல மஞ்சளா என்னமோ ஒட்டிக்கிட்டு வருதே, என்னதுலே?" என்று ஒருநாள் கேட்டார்.

"பூவுல உள்ள பொடி வாப்பா. உள்ள இருக்குத குஞ்சுக்கெல்லாம் அதுதான் சோறு."

"வெளிய போயி சம்பாதிச்சுக் கொண்டாருதாக்கும்."

"ஆமா வாப்பா. செங்கோட்டப் பக்கமே போனாலும் பொழுது அடைஞ்சா எல்லாம் வீட்டுக்கு வந்துரும்."

"ஒண்ணுகூட வெளிய தங்காதா?"

"ஒண்ணுகூடத் தங்காது." வாப்பாவுக்கே தெரியாததை நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாப்பா இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

வீக்கம் வற்றியபிறகும் அவர் அத்தர் பூசவில்லை. ஒரு கல்யாண வீட்டில் அவர் வயதையொத்த ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டார். "என்ன மச்சான், வாசமே காணோம்? அரபு நாட்டுல அத்தர் தட்டுப்பாடா?"

"வீட்டுல பிடிக்கல மச்சான்" என்றார் வாப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று ஆனது பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

சாரல் மழைக்காலத்துக்கு முன்னால் உம்மா முதல்முறையாகத் தேன் எடுத்தார். புகை பிடிக்கும் வேலையை வாப்பா என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். அடையைத் துணியில் கட்டித் தொங்கவிட, சொட்டுச் சொட்டாக ஒரு சட்டி சேர்ந்தது. அதுவரை வாப்பா வீட்டுக்கு வருகிறவர்களுக்கு சோப்பும் தைலமும்தான் கொடுத்தனுப்புவார். அந்த லீவில் ஆளுக்கொரு சின்னக் குப்பித் தேன். "இது வெளிநாட்டுச் சரக்கு இல்ல, எங்க வீட்டுலயே செஞ்சது" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொள்வது எனக்கு மட்டும் தெரியும். மாமிகூட இரண்டாவது குப்பி கேட்டு வாங்கினார். "மருந்துக்குத்தான் மதினி, வேற ஒண்ணுக்குமில்ல" என்றார்.

ஆனால் பெட்டியை எடுக்கச் சொன்னதை வாப்பா திரும்ப வாங்கவில்லை. உம்மாவும் கேட்கவில்லை. கேட்டுவிடுங்கள் என்று நான் உம்மாவின் சேலையைப் பிடித்து நச்சரித்தேன். "சொன்னது சொன்னதுதாம்லே" என்று என் கையை எடுத்துவிட்டார். பெட்டி போய்விட்டால் பேசுவதற்கு எனக்கும் வாப்பாவுக்கும் ஒன்றுமே இருக்காது என்று பயந்தேன்.

வாப்பா புறப்படுவதற்கு முந்தின நாள் பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் டெம்போ வந்து நின்றது. தேனீ எல்லாம் கூட்டுக்குத் திரும்பிய பிறகுதான் பெட்டியை நகர்த்த முடியும். உம்மா பெட்டியின் வாசல் துளையை அடைக்கத் துணியைச் சுருட்டி வைத்திருந்தார். மாமா கயிற்றோடு மாடிக்கு வந்தார்.

"எங்கலே கயித்தோட?" என்றார் வாப்பா.

மாமா உம்மாவைப் பார்த்தார். "பண்பொழித் தோப்புக்கே போயிரட்டும்னு அக்கா சொன்னா" என்றார்.

"நீங்கதான சொன்னிய" என்றார் உம்மா. அவ்வளவுதான். குரலில் ஒன்றும் இல்லை.

வாப்பா சுவரோரத்தில் இருந்து எழுந்து வந்தார். பெட்டிக்குள் இருந்து, சின்னப் பிள்ளைகள் ஓதுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு கேட்டுக்கொண்டிருந்தது. மாமாவின் கையில் இருந்த கயிற்றை வாங்கிக் கீழே போட்டார்.

"அது இங்கனயே இருக்கட்டும். நீ போயி சாயா குடிலே."

மாமா இறங்கிப் போனார். நான் துள்ளிக் குதித்தேன். உம்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டே, உம்மாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"இந்த மாதிரி எத்தன பெட்டி இருந்தா புள்ள, ஒரு வீட்டுப் பாடு ஓடும்?"

உம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் ஒண்ணு இருந்தாப் போதும் வாப்பா!" என்று நான் கத்தினேன்.

வாப்பா சத்தமாகச் சிரித்தார். என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உம்மா எழுந்து அந்தப் பக்கம் போனார். கொடியில் அன்று துணி எதுவும் இல்லை. உம்மா மறந்துவிட்டார் போல என்று எண்ணிக்கொண்டேன். எவ்வளவு பெரிய கேள்வி! வீட்டில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்ற பெருமையோடு, மாமாவிடம் சொல்லப் படியிறங்கி ஓடினேன்.