குன்வோரின் கைநாட்டு

காபிக் குடுவையின் பிடியில், மின்விசைப் பொத்தானில், வெண்ணெய்க் கத்தியில், குன்வோர் கடந்துபோன இடமெல்லாம் கரிய பெருவிரல் தடம். பல்லேடியம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைக் கரித்தூளின் துளைகளில் பொடிப்பொடியாகப் படியவைத்து, மருந்து ஆலைகளுக்கு வினையூக்கியாக அனுப்புகிற கோத்தன்பர்க் தொழிற்சாலையில் கரி அவர் பொறுப்பு. வெளியே போகும் புட்டியின் மூடியிலும் அந்தத் தடம் இருக்கும். அலுவலகம் முகம் சுளித்தால், "அது அழுக்கில்ல, என் கைநாட்டு. நான் நம்பாத சரக்குல அது விழாது" என்பார்.

மற்றவர்கள் உலோகத்தின் விலையைப் பேசுவார்கள். குன்வோர் கரியின் குணத்தைப் பேசுவார். தேங்காய் ஓட்டுக் கரி என்றால் உயிர். ஒரு பிடித் தூளுக்குள் ஒரு கால்பந்து மைதானமே மடிந்து கிடக்கிறதாம். எதிர்மேசை ஸ்டெல்லான் மரக்கரியின் கட்சி.

"ஒன்னோட கரியில ஆயிரம் அறை இருக்கு குன்வோர். வாசல்லதான் எலிகூட நுழையாது."

"ஒன்னோடதுல வாசல் மட்டுந்தான் இருக்கு. வீட்டக் காணோம்!"

இந்த வாரம் அந்தக் கேலி கசந்தது. பருமனான மூலக்கூறு கொண்ட ஒரு மருந்தைச் செய்யும் வாடிக்கையாளர், வினை நகரவே இல்லை, அடுத்த மாதிரியும் இப்படியென்றால் வேறு இடம் பார்ப்போம் என்றுவிட்டார். அவர்களுக்குப் போன தேங்காய் ஓட்டுக் கரியில் குறையே இல்லை என்று குன்வோர் அடித்துச் சொல்லியிருந்தார். மேலாளர் அன்னிகா, பல்லேடியத்தை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டார்.

"சமைக்கத் தெரியாதவந்தான் வெண்ணெய அள்ளிக் கொட்டுவான். ரெண்டு கரியையும் ஓட்டிப் பாத்துருவோம்" என்றார் குன்வோர்.

இரண்டிலும் ஒரே அளவு பல்லேடியம். ஸ்டெல்லானின் கரியையும் தன்னுடையதைப் போலவே பொறுமையாகக் கழுவினார். வடிகட்டும்போது காய்ந்து தீப்பிடித்துவிடாமல் இரண்டையும் ஈரமாகவே காத்தார். வாடிக்கையாளரின் மூலக்கூறும் ஹைட்ரஜனும் சேர்ந்ததும் குடுவைகள் குலுங்கத் தொடங்கின.

ஹைட்ரஜன் செலவாகச் செலவாகக் கண்ணாடிக் குழாயில் நீர் ஏறும். மரக்கரிப் பக்கம் விறுவிறுவென்று ஏறியது. தேங்காய் ஓட்டுப் பக்கம் கொஞ்சம் ஏறிக் களைத்து நின்றது. குன்வோர் குழாயைத் தட்டிப் பார்த்தார். அசையவில்லை. பெரிய மூலக்கூறு வாசலிலேயே நிற்க, பல்லேடியம் உள்ளறைகளில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

"ஜெயிச்சிட்டேன்னு சொல்லித் தொலையேன்டா" என்றார் ஸ்டெல்லானிடம்.

"காபி ஆறுது, குன்வோர்" என்றார் ஸ்டெல்லான்.

குன்வோர் எழுந்துபோகவில்லை. வாடிக்கையாளருக்கான புட்டியில் மரக்கரிச் சரக்கை நிரப்பி மூடினார். ஈரத்துணியால் பெருவிரலை நகக்கண் வரை துடைத்தார். பிறகு ஸ்டெல்லானின் டப்பாவைத் திறந்து, அந்த விரலை அவருடைய கரியில் தோய்த்து, மூடியின் நடுவில் அழுத்தினார்.