சருகுக்குள் வந்த கரடி

எழுமலை ஊரைத் தாண்டி, மலையடிவாரத்தில் பைக்கை நிறுத்துகிறேன். கோடையில் காடு மொத்தமும் இலையைக் கொட்டிவிட்டு நிற்கிறது. நிழல் என்று சொல்ல என் தொப்பையின் நிழல் ஒன்றுதான். பாறைக்குழியில் கொஞ்சம் தண்ணீர் கிடக்கிறது. தள்ளி ஒரு பெண் ஆடு மேய்க்கிறார்.

திடீரென்று என் முதுகுக்குப் பின்னால் சருகு நொறுங்குகிறது. கரடியேதான்! "ஆத்தாடி!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு பைக் சீட்டின் மேல் ஏறி நிற்கிறேன். இந்த வயதில் இவ்வளவு உயரம் தாவுவேன் என்பது எனக்கே புதுச் செய்தி.

முயல் அளவில், வெள்ளைப் புள்ளி போட்ட ஏதோ ஒன்று புதருக்குள் பாய்ந்து மறைகிறது.

"சருகுமான்ணே. தண்ணி குடிக்க வந்துச்சு," என்கிறார் அந்தப் பெண். "இத விட்டா அதுக்கு வேற தண்ணி இல்ல."

"சத்தம் அம்புட்டுப் பெருசா கேட்டுச்சேம்மா!"

"காஞ்ச எலை அப்பிடித்தான் கேக்கும். நீங்க போட்ட சத்தத்துக்கு நெசக் கரடியும் ஓடியிருக்கும்."

சிரிக்கிறேன். அவர் சிரிக்கவில்லை.

"திரும்ப வருமாம்மா?"

"வரும். நீங்க போகணும்ல."

வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு நடக்கிறேன். எவ்வளவு மெதுவாகக் கால் வைத்தாலும் சருகு நொறுங்கிக்கொண்டே இருக்கிறது.