அத்தை கட்டாமல் விட்ட சுவர்

அத்தை எங்கள் காலி மனையில் மல்லாந்து படுத்த அன்றுதான், படிப்பு அதிகமாகி அவளுக்குப் புத்தி கலங்கிவிட்டதாகப் பிள்ளைப்பாக்கத்தில் பேச்சுக் கிளம்பியது. பட்டப்பகல். துப்பட்டாவை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, சுண்ணாம்புத் தூளால் போட்ட கோட்டுக்குள் கையைக் காலை நீட்டிக் கிடந்தாள். என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. மண்ணில் படு என்று பெரியவர்களே சொல்வது அடிக்கடி கிடைக்கிற பாக்கியமில்லை. உடனே படுத்துவிட்டேன்.

"இன்னா தெரியுது?"

"வானம்."

"அப்பால?"

"பெரியம்மா," என்றேன்.

எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட வந்த, அப்பாவின் அண்ணன் மனைவியான பெரியம்மா, ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப ஜன்னலு இங்க வேணாம்," என்று சொல்லி எழுந்த அத்தை, ஒரு கோட்டைக் காலால் அழித்துவிட்டு வேறு பக்கம் கோடு போட்டாள்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. கட்டடக் கலை படித்துவிட்டுச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கே வானத்தைத் தொடுகிற கட்டடங்களையெல்லாம் வரைகிறார்கள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அந்தக் கட்டடங்களில் அத்தையிடம் கொடுக்கப்பட்டது கழிவறைகள் மட்டும்தான் என்பதை அவர் சொல்வதில்லை. அதனால், தொழிற்சாலைக்குப் போனது போக எஞ்சியிருந்த நிலத்தில், பழைய மோட்டார் கொட்டகையை எடுத்துவிட்டு, வேலைக்கு வருகிற பெண்களுக்கு வாடகை அறைகள் கட்டப்போவதாக அப்பா சொன்னதும், வரைபடம் நான்தான் போடுவேன் என்று அத்தை ஒற்றைக் காலில் நின்றாள்.

வாடகை அறை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. நடுவில் ஒரு சந்து, இரண்டு பக்கமும் ரயில் பெட்டி மாதிரி கதவுகள். சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அப்படித்தான் கட்டினார்கள். அத்தையோ, வரப்போகிறவர்களைக் கேட்காமல் ஒரு கோடும் போடமாட்டேன் என்று என்னையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாள். அங்கே ஒரு விடுதியில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்கள் தங்கியிருந்தார்கள். ஒரு ஷிப்டுக்காரி எழுந்து போனதும் அதே பாயில் அடுத்த ஷிப்டுக்காரி படுப்பாள். மாலையானால் வெளிக்கதவைப் பூட்டிவிடுவார்கள். கம்பெனி பஸ் தாமதமானால் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

"படுத்தா காத்து வரணும்க்கா. வெளிய நிக்கவன் பாக்கக் கூடாது," என்றாள் முத்துமாரி. அவர்களில் அவள்தான் வாயாடி. "பெறவு, சும்மா உக்கார ஒரு எடம். இங்க உக்காரணும்னா தூங்குதவ கால் மேலதான் உக்காரணும்."

அறைகள் எழும்பின. ஜன்னல்கள் உயரத்தில், படுத்தால் வானம் தெரிகிற மாதிரி. எல்லாக் கதவுகளும் தெருவைப் பார்த்த ஓர் அகலமான வராண்டாவில் திறந்தன. "காலியா வுட்ட எடத்துக்கு எவ வாடகை தருவா?" என்று அப்பா முனகிக்கொண்டே இருந்தார். ஆனாலும் தங்கை போட்ட கோட்டை அவர் மாற்றவில்லை.

முத்துமாரியும் மற்றவர்களும் குடிவந்தார்கள். ஷிப்டு முடிந்து தூங்கி எழுந்ததும் வராண்டாவில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலைபின்னிக்கொண்டார்கள். சிரித்தார்கள். ரொம்பவே சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கப் பிடிக்கும். தெருவுக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு பெரியம்மா எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வயசுப் பொண்ணுங்க வாசல்ல உக்காந்துகினு கெக்கேபிக்கேன்னு சிரிச்சா, நம்ம தெருவ எவன் மதிப்பான்? ஆளு ஒசரத்துக்குச் செவுரு எழுப்பு. கேட்டப் போட்டு, ஆறு மணி ஆனா பூட்டு."

அண்ணியின் பேச்சை அப்பா தட்டியதே இல்லை. மறுநாளே செங்கல் வந்து இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு முத்துமாரி அப்பாவிடம் வந்தாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

"அண்ணே, செவரு கட்டுங்க, தப்பில்ல. கேட்ட மட்டும் பூட்டிராதீய. பூட்டுனா நாங்க வேற எடம் பாத்துப் போயிருதோம்."

"பாக்கலாம்மா," என்றார் அப்பா, செங்கல்லைப் பார்த்துக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். செங்கல் குவியலைக் கண்டதும் பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்பாவோடு சண்டைக்கு நின்றாள். அவளுடைய முதல் கட்டடம் அது. முகத்தில் அறைந்த மாதிரி அதன் எதிரே சுவர் வரப்போகிறது. அப்பா கத்தவில்லை. "நீ ஞாயித்துக்கெழம வருவ, போய்டுவ. நான் இந்தத் தெருவுலதானம்மா இருக்கணும்?" என்று மட்டும் சொன்னார். அத்தை விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அந்தப் பொண்ணுங்க உங்கள இன்னா பண்ணாங்க அண்ணி?"

பெரியம்மா அடுப்பைப் பார்த்தபடி பேசினாள். முதலில் சிரிப்பைப் பற்றி, பிறகு பைக்கில் சுற்றுகிற பையன்களைப் பற்றி. அப்புறம் திடீரென்று திரும்பினாள்.

"அங்க மோட்டார் கொட்டாய் இருந்துச்சே, நெனப்பு கீதா? இந்தத் தெருவு பொம்பளைங்க மொத்தமும் அங்கதான் துணி தொவச்சோம். நல்ல தண்ணி. மாமியாக்காரியத் திட்டணும்னாலும் அங்கதான், அழுவணும்னாலும் அங்கதான். அதை இடிச்சிட்டு நீ ரூமு கட்டிட்ட. இப்ப எங்க எடத்துல எவளோ உக்காந்துகினு சிரிக்கிறா. நான் மாடில தனியா தொவச்சிகினு கீறேன்."

அத்தை திரும்பி வந்து செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. "அவங்கள ஊரு வுட்டு ஊரு போய்க் கேட்டேன். எதிர்வூட்டுல இருக்கறவங்கள கேக்கலியே," என்று தனக்குத்தானே சொன்னாள். என்ன கேட்க மறந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வியை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும். அதைப் போல ஏதோ ஒன்று என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று மாலையே கொத்தனாரைக் கூப்பிட்டாள். சுவர் வரவேண்டிய இடத்தில், அதே செங்கல்லை வைத்து முழங்கால் உயரத்துக்கு நீளமாக ஒரு மேடை கட்டச் சொன்னாள். மேலே தகரக் கூரை. மோட்டார் கொட்டகையிலிருந்து எடுத்துப் பின்னால் போட்டிருந்த பழைய துவைகற்களை அதன் மேல் பதிக்க வேண்டும். குழாய்கள் இரண்டு பக்கமும். தெருவிலிருந்து வருகிறவர்கள் தெருப்பக்கம் நிற்கலாம், அறைப் பெண்கள் வராண்டா பக்கம். கேட் கிடையாது. அண்ணிக்கு என்ன பதில் சொல்வது என்று அப்பா தவித்தார். "நான் சொல்லிக்கிறேன்," என்றாள் அத்தை. ஆனால் போய் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

மேடை காய்ந்து தண்ணீர் திறந்துவிட்ட ஞாயிற்றுக்கிழமை அன்று, வெகுநேரம் யாரும் வரவில்லை. பிறகு பெரியம்மா வாளியோடு வந்தாள். எதிர்ப்பக்கம் முத்துமாரி துவைத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கனத்த போர்வையைத் துவைத்து, தூக்கப் பார்த்தாள். அது தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்தது. முத்துமாரி கேட்காமலே மறுமுனையைப் பிடித்தாள். ஒருத்தி இந்தப் பக்கமும் மற்றவள் அந்தப் பக்கமுமாக முறுக்க, தண்ணீர் இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"எந்த ஊருடி நீ?"

"சங்கரன்கோவில் பக்கம் பெரியம்மா."

"உங்க ஊர்ல போர்வைய இப்படித்தான் முறுக்குவீங்களா? கிழிச்சிடுவ போல கீதே!"

முத்துமாரி சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவும். தெருமுனை வரை கேட்கிற சிரிப்பு அவளுடையதுதான். மற்ற வீடுகளிலிருந்தும் ஒவ்வொருத்தியாக வாளியோடு எட்டிப்பார்த்தார்கள். சுவரைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

அத்தை அந்த மேடைக்குப் பக்கத்திலேயே வரவில்லை. தெருவுக்கு எதிர்ப்புறம், பெரியம்மா வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் வடிகிற வாட்டம், அதாவது சரிவு, சரியில்லாவிட்டால் தெருவெல்லாம் சேறாகிவிடும் என்று கொத்தனார் காலையில் எச்சரித்திருந்தார். நான் போய்க் குனிந்து நன்றாகப் பார்த்தேன். தண்ணீர் எங்கேயும் தேங்காமல் கால்வாயில் ஓடியது. ஓடிவந்து, "வாட்டம் சரியா கீது அத்த," என்று சொன்னேன்.

"ஆமாடி. சரியா கீது," என்று அத்தை துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் சோப்பு நுரை பட்டுவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, நான் மறுபடியும் தண்ணீரைப் பார்க்க ஓடிவிட்டேன்.