குப்புறப் படுத்துக் கேட்ட காதல் கதை

அச்சு சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

மாதாமாதம் வரும் கதைப் புத்தகங்களின் தாள் மட்டமானது. சில பக்கத்தில் மை அப்பியிருக்கும், சில பக்கத்தில் வெளுத்திருக்கும். நான் படித்துக்கொண்டிருந்த வரியில் நடு எழுத்துகள் மட்டும் காணவில்லை. திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் அப்போது ஒரு லென்டிங் லைப்ரரி இருந்தது. பெட்டிக்கடை அளவுதான். அதை நடத்திய ஏகாம்பரத்திடம் புத்தகத்தைக் கொடுத்து, அச்சு போயிருக்கிறது, வேறு கொடு என்றேன்.

அவன் புரட்டிப் பார்த்தான். "இன்னா ஆயா, முத்து முத்தா கீதே! உனுக்கு ஈரோவப் புடிக்கலன்னா சொல்லு, வேற ஈரோ தர்றேன்."

பக்கத்தில் நின்ற காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் காந்தியது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தப் புத்தகத்திலும் அதே கதைதான். எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ, அந்த எழுத்து இல்லை. அதைச் சுற்றியுள்ள எழுத்துகள் சாக்கடைக் குழியில் இறங்கும் தண்ணீர்போல நடுவை நோக்கி வளைந்திருந்தன.

இதே நோய் வந்து பயந்துபோயிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எனக்குப் புரிந்த அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

எனக்கு இருப்பது ஒரே கண். எட்டு வயதில் அம்மை போட்டு இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்து கை ஓய்ந்த பிறகு, வலது கண்ணால் இந்தக் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அவனும் அவளும் சந்திப்பார்கள், சண்டை போடுவார்கள், பிரிவார்கள். கடைசிப் பக்கத்தில் சேர்ந்துவிடுவார்கள் என்று தெரியும். தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு எதற்கும் அப்படி அடித்துக்கொண்டதில்லை.

வீட்டில் சொல்ல வெட்கம். பழைய சாமி காலண்டர் தாளில் அட்டை போட்டு வைத்திருப்பேன். என் வீட்டுக்காரர் அதை ஸ்லோகப் புத்தகம் என்று நினைத்திருந்தார். மருமகள் விஜயாவுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

மணலித் தொழிற்சாலைப் பக்கமிருந்து வரும் காற்று கண்ணில் பட்டால் எரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் உள்ளது. அதனால்தான் என்று மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு நாளைக் கடத்தினேன். அடுப்பங்கரை ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தது. அப்போதும் சொல்லவில்லை. ஒரு காலையில் என் வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். முடி இருந்தது, காது இருந்தது, சட்டைக் காலர் இருந்தது. முகம் இல்லை.

அன்றைக்குத்தான் விஜயாவிடம் சொன்னேன்.

பெரிய கண் ஆஸ்பத்திரியின் வராந்தாவில் கண்ணில் மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பாப்பா (கருவிழி நடுவில் உள்ள துவாரம்) விரிவதற்கான மருந்து அது. விரிந்ததும் வெளிச்சம் ஊசியாகக் குத்தும். பக்கத்தில் இருந்தவர்கள் புரை எடுக்க வந்தவர்கள். எனக்கு இரண்டு வருஷம் முன்பே புரை எடுத்துவிட்டார்கள். இது வேறு என்று மட்டும் தெரிந்தது.

டாக்டர் ஒரு பெண், என் மருமகளைவிட வயதில் சின்னவர். ஒரு தாளில் கண்ணை வரைந்து காட்டினார். மாகுலா (விழித்திரையின் நடுவில், எழுத்தையும் முகத்தையும் பார்க்க உதவும் சின்ன இடம்) என்ற இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றார்.

"அம்மா, இப்ப உங்களால நடக்க முடியும், சமைக்க முடியும், பஸ் வர்றது தெரியும். ஓரப் பார்வை நல்லாவே இருக்கு. ஆபரேஷன் பண்ணா ஓட்டை மூடலாம். மூடாமலும் போகலாம். கிருமி பட்டாலோ விழித்திரை பிரிஞ்சாலோ, இருக்கிற பார்வையும் போயிடும். ரெண்டு கண்ணும் இருந்தா இவ்வளவு யோசிக்க மாட்டேன். அதனால நீங்கதான் சொல்லணும். இந்தக் கண்ணு உங்களுக்கு எதுக்கு வேணும்?"

"அதான் நடக்குறா, சோறு ஆக்குறா. இன்னும் இன்னா வோணும்? வுட்டுடலாம் டாக்டரம்மா" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் அவங்களைக் கேட்டேன், ஐயா."

என் வாழ்க்கையில் எதற்கு வேணும் என்று என்னை யாரும் கேட்டதில்லை. மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "படிக்கணும்."

"என்ன படிப்பீங்க?"

"கதை."

"என்ன மாதிரி கதை?"

விஜயா தரையைப் பார்த்தாள். என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பியது துணி உரசலில் தெரிந்தது. புருஷன் எதிரில், மருமகள் எதிரில், அறுபது தாண்டிய பொம்பிளை எப்படிச் சொல்வாள்? சொல்லாவிட்டால் கண் இப்படியே போகும்.

"லவ்வு கதை" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அதுக்கு நடுப் பார்வை கண்டிப்பா வேணும்" என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் ரயில் ராயபுரம் தாண்டியது. என் வீட்டுக்காரர் பெட்டியே கேட்கும்படி ஆரம்பித்தார்.

"ஒத்தக் கண்ண வெச்சிகினு லவ்வு பொஸ்தகத்துக்கு சூதாடுறியாமே? நாளிக்கி அதுவும் பூட்சின்னா எவன் உன் கையப் புடிச்சி இட்டுகினு போவான்? அந்த ஈரோ வருவானா?"

"மாமா, மெதுவா" என்றாள் விஜயா.

கொருக்குப்பேட்டை தாண்டியது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அவன் வர மாட்டான். நீ வருவியா, மாட்டியா?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அவர்தான் வந்தார்.

விட்ரெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற நீரை எடுக்கும் அறுவை) என்று அதற்குப் பெயர். கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். வலியில்லை. பேச்சு கேட்கும். தும்மல் வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. கடைசியில் கண்ணுக்குள் வாயுவை நிரப்பினார்கள். அந்த வாயுக்குமிழ் பின்பக்கம் போய் ஓட்டையின்மேல் அழுந்தி நிற்க வேண்டும். குமிழ் எப்போதும் மேலேதான் போகும். அதனால் முகம் எப்போதும் கீழே இருக்க வேண்டும். பத்து நாள், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குப்புற.

இந்தப் பத்து நாளைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது ஒரே வரி இல்லை. கழுத்து கல்லாகிவிடும். நெற்றித் தோல் உரியும். இட்லியைத் தலை குனிந்து மடியில் வைத்துச் சாப்பிட வேண்டும், தண்ணீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்ச வேண்டும். குமிழ் பெரிதாக இருக்கும்வரை கண்ணில் ஒன்றும் தெரியாது. எனக்கு இன்னொரு கண்ணும் இல்லை. டேங்கர் லாரி போனால் கட்டில் அதிரும். அந்த அதிர்ச்சியில் கண்ணுக்குள் ஏதாவது நகர்ந்துவிட்டதோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய ஆள். கப்பல் ஆடும்போது மூட்டை உருளாமல் இருக்க, இண்டு இடுக்கில் எல்லாம் கட்டையும் கோணியும் சொருகுவார்களாம். என்னையும் அப்படித்தான் அடுக்கினார். இரண்டு பக்கமும் தலையணை, அதற்கு வெளியே சுருட்டிய ஜமக்காளம், தோளுக்கு அடியில் மடித்த போர்வை.

"சரக்கு அசையக் கூடாது, ஆமா" என்றார். ரயிலுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

இரண்டு நாள் கழித்து தானாகவே ஏகாம்பரத்திடம் போய்ப் புத்தகம் வாங்கி வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். அவர் வேலையில் இருந்த காலத்தில் துறைமுகக் கேட்டில் நின்று மற்றவர்களுக்கு நியூஸ் பேப்பர் படித்துக் காட்டுவார். வேலைநிறுத்தச் செய்தி படிக்கிற அதே குரலில் காதல் கதையைப் படித்தார்.

"அவன்! அவளது! இடையை! வளைத்து!"

"யோவ், மெதுவாய்யா. தெருவுல ஜனம் கீது."

"இருக்கட்டுமே. கண்ணையே குடுத்து வாங்கன கதை. நல்லாக் கேக்கட்டும்." பக்கத்தைத் திருப்பினார். "முத்தம்! ஒன்றை!"

உள்ளே விஜயா சிரிப்பை அடக்க முடியாமல் பாத்திரத்தைப் போட்டாள். "மாமா, ஜிந்தாபாத் போடுங்க" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் தலை குலுங்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒருநாள் கதையில் கதாநாயகனின் கார் லாரியில் மோதியது. அவர் படிப்பதை நிறுத்தினார். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, நிறைய.

"இன்னாச்சிய்யா?"

"அடிபட்டுச்சி. அப்பால சரியாப் பூட்சி" என்றார். கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டார். மேளம் கொட்டியது, மூன்று முடிச்சு போட்டான், கதை முடிந்தது. முத்தத்தையே முழக்கமாகப் படித்தவர் இதை ஏன் விட்டார் என்று எனக்குப் புரியவில்லை. பொறுமை போய்விட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மதியம் அந்தப் பயங்கரம் நடந்தது. வியர்வை நாற்றம் என்று தலையணைகளை வெயிலில் போட்டிருந்தாள் விஜயா. நான் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது முதுகுக்குக் கீழே கட்டில் கயிறு அழுத்தியது. முகத்தில் மின்விசிறிக் காற்று நேராக அடித்தது.

மல்லாந்து கிடந்தேன்.

எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. யோவ் என்று கத்தினேன். அவர் செருப்போடு ஓடி வந்தார். தோளைப் பிடித்து, பச்சைக் குழந்தையைப்போல மெதுவாகத் திருப்பினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அதற்குப் பிறகு நான் தூங்கும்போதெல்லாம் என் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புதுப் புத்தகம் எதுவும் படிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. வீட்டில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கையின் கனத்தில்தான் நான் நேரத்தை அறிந்தேன். பால்காரன் மணி, சரக்கு ரயில், பக்கத்து வீட்டு சீரியல் பாட்டு எல்லாம் வந்து வந்து போகும். கை மட்டும் அங்கேயே இருக்கும்.

பத்து நாள் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். மல்லாந்து கிடந்ததை டாக்டரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் விளக்கைக் கண்ணில் அடித்து நெடுநேரம் பார்த்தார். குமிழ் இன்னும் கொஞ்சம் சிறுத்தால்தான் தெரியும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார். அந்த வாரம்தான் எல்லாவற்றிலும் நீளமானது.

அடுத்த முறை, "மூடியிருக்கு" என்றார். அவ்வளவுதான். நான் அழவில்லை. என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். டீ குடித்துவிட்டு வந்தேன் என்று பிறகு சொன்னார். வாயில் டீ வாசனை இல்லை.

பார்வை மேலிருந்து கீழாக வந்தது. முதலில் கூரை ஓடு, பிறகு காலண்டர், பிறகு விஜயாவின் நெற்றிப் பொட்டு. கீழே குமிழ் தண்ணீர்க் கோடுபோல ஆடிக்கொண்டிருந்தது. பிறகு பட்டாணி அளவானது, ஒருநாள் காணாமல் போனது. எழுத்து பழையபடி ஆகவில்லை. நடுவில் இப்போதும் ஒரு நசுங்கல் இருக்கிறது. 'ழ'வும் 'ம'வும் இடுப்பு ஒடிந்து நிற்கும். கண்ணாடி போட்டு, வெயில் வெளிச்சத்தில், ஒரு வரியை இரண்டு தரம் பார்த்தால் தெரிகிறது. முன்பு இரண்டு மதியத்தில் ஒரு புத்தகத்தை முடிப்பேன். இப்போது ஒரு பக்கத்துக்கே அரை மதியம் ஆகிறது. கண்ணை நான் இப்போது பாலைத் தூக்கிக்கொண்டு நடப்பதுபோலத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் ஜன்னல் கம்பியைப் பாருங்கள். வளைந்தால் அன்றைக்கே போங்கள். அச்சின் மேல் பழி போட்டு என்னைப்போல மாதங்களைக் கடத்தாதீர்கள். எதற்குக் கண் வேணும் என்று டாக்டர் கேட்டால், வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

எழுத்து கூடத் தொடங்கியதும் ஏகாம்பரத்திடம் அதே புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் படிக்காமல் விட்ட பக்கங்களைத் தேடினேன். லாரி மோதிய பிறகு கதாநாயகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இரண்டு கண்ணிலும் கட்டு. கட்டை அவிழ்க்கும்போது ஒன்றும் தெரியவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கரண்டு போய்விட்டது, அதான் இருட்டு என்று பொய் சொல்கிறாள்.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன்.

அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அட்டையைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. காலண்டர் தாள் இப்போது போடுவதில்லை.

"எங்க கீற?" என்றார்.

"நீ வுட்ட எடத்துல."

பிறகு மெதுவாகக் கேட்டார். "அவனுக்குக் கண்ணு வந்துச்சா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கங்களை அவரும் படிக்கவில்லை. கண்ணில் கட்டு என்ற வரியைக் கண்டதும், மீதியைப் பார்க்கப் பயந்து புரட்டிவிட்டிருக்கிறார்.

"இன்னும் அங்க வரல. ஒக்காரு" என்றேன்.

உட்கார்ந்தார். நான் விரலை வரியின் கீழே வைத்து, நசுங்கிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி, சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.