கழற்றச் சொன்ன ரியூப்

போன வைகாசியில் எங்கள் உரும்பிராய் வீட்டுக் கிணற்றைத் துப்புரவாக்க வந்தவரின் பெயரை நான் கேட்கவில்லை. ஒல்லியான மனிதர், தோளில் கயிறு உராய்ந்த தழும்பு. கையில் எடுப்பது எதுவானாலும் பிடியில் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிவிடுவார். அவருடைய அலவாங்கு, கத்தி, மண்வெட்டி எல்லாம் அப்படித்தான் இருந்தன.

தண்ணீரை இறைத்து முடித்ததும், அடியிலுள்ள ஊற்றுக்கண்களைப் பார்க்க வெளிச்சம் கேட்டார். மகன் கனடாவிலிருந்து அனுப்பிய ரோச்லைற்றைக் கொடுத்தேன். சற்று நேரத்தில் அதன் பளபளப்பான உடம்பிலும் கறுப்பு ரியூப் ஏறியிருந்தது.

"என்ன காணும் செய்து வச்சிருக்கிறீர்? உதைக் கழட்டும்!"

"ஈரக்கையிலை வழுக்கும், ஐயா. வேலை முடிய நானே கழட்டித் தாறன்."

"கனடாச் சாமானை இஞ்சத்தைச் சாமான் ஆக்காதையும்."

ரியூப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

பாதிக் கிணற்றில் ரோச் கைநழுவியது. அதைப் பிடிக்க எட்டியவர் கால் சறுக்கி அடிச்சேற்றில் விழுந்தார். நான் எட்டிப் பார்த்துக் கேட்டது, "ரோச் எங்கை?" என்றுதான்.

"கிடக்குது, ஐயா."

அதைத் தேடியெடுத்து இடுப்பில் செருகி, ஒற்றைக் கையால் கயிற்றைப் பற்றி மேலே வந்தார். மற்றக் கை மணிக்கட்டில் வீங்கித் தொங்கியது. ரோச்சை உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்து நீட்டினார்.

"எரியுதோ, ஐயா?"

ரோச்சின் பொத்தானை அழுத்திப் பார்த்து, "ஓம், எரியுது" என்றேன். கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிவரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். "போட்டு வாறன், ஐயா" என்று, சாமான்களை ஒற்றைக் கையால் சேர்த்துக்கொண்டு போனார்.

அந்தக் கை சுகப்பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.